இரண்டாம் மாதத்துக் காது

மழைக்காலம் முழுக்கக் கரையில் கவிழ்ந்து கிடந்த படகுகள் பிப்ரவரி கடைசியில் கடலுக்குப் போயின. போனதும் போனது, சாளை மீன் கொட்டிக்கொண்டு வந்தது. கடற்கரைக் கிராமமான கோங் செராயில், கெரோப்போக் என்ற மீன் பலகாரம் செய்யும் காக் யாவின் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. ஏழு பெண்கள் தாழ்ந்த பலகைகளில் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, குடலை உருவி, சதையை ஒரு பக்கமும் முள்ளை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அரைபட்ட சதையில் சவ்வரிசி மாவும் உப்பும் போட்டுப் பிசைந்து, முழ நீளத்துக்கு உருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் விட வேண்டும். வெந்தது தானாக மேலே மிதந்து வரும். வேகாதது அடியில் கிடக்கும்.

காக் என்றால் அக்கா. காக் யா என்பது ரொக்கையாவை ஊர் கூப்பிடும் பெயர். கொட்டகை அவளுடையது. ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கெல்லாம் அவள்தான் சோறு பொங்கிப் போட்டாள். ஆனால் காரணம் தெரியாத காரியம் ஒன்று ஊரில் நடந்துவிட்டால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

சபரியா அவளுடைய தம்பி எம்போங்கின் மனைவி. நாலாவது பிரசவமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மீன் சீசன் என்பதால் வேலைக்கு வந்துவிட்டாள். கொட்டகையின் குறுக்கு மரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங்கில் தொட்டில் கட்டியிருந்தது. உள்ளே குழந்தை சுஹைலா தலையில் குல்லாவோடு தூங்கினாள்.

"குல்லாவைக் கழட்டி விடு சபரியா. இந்த வெக்கையில புள்ளைக்கு எப்படி வேர்க்குது பாரு," என்றாள் காக் யா.

"இருக்கட்டும் காக் யா."

"யாருகிட்ட மறைக்கிற? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

மீன் தலை கிள்ளிக்கொண்டிருந்த மெக் சோங் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "பொம்பளப் புள்ளதானே. பெரிசானா முக்காடு போடப் போறா. காது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அப்படியே மூக்கையும் சேர்த்து மூடற மாதிரி ஒரு முக்காடு கெடைச்சா உன் மகளுக்கு ஒண்ணு வாங்கு. மாப்பிள்ளை சீக்கிரம் அமையும்," என்றாள் காக் யா.

எல்லோரும் சிரித்தார்கள், மெக் சோங்கும் சிரித்தாள். சபரியாவும் சிரித்து வைத்தாள். குல்லாவை மட்டும் கழற்றவில்லை.

குழந்தையின் இடது காது முழுசாக, அழகாக இருந்தது. வலது பக்கம் காது இருக்க வேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதைச் சுருக்கம், அவ்வளவுதான். துளையே இல்லை. கன்னத்துத் தோல் அப்படியே பின்னந்தலைவரைக்கும் வழவழவென்று போயிற்று.

டிசம்பர் வெள்ளத்தில், பள்ளிக்கூடத்து முகாமில் பிறந்த பிள்ளை. மருத்துவச்சி மாக் தெமா குழந்தையைத் துடைத்துத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுத்துவரை நனைந்து எருமைகளை மேட்டில் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த எம்போங் எட்டிப் பார்த்தான். பார்த்த மறு நொடியே, "நான்தான். கன்னுக்குட்டிங்க காதை வெட்டினேன்ல, அதான்," என்றான்.

வெள்ளக்காலத்தில் ஊர் எருமைகள் எல்லாம் ஒரே மேட்டில் கலந்து நிற்கும். எது யாருடையது என்று அடையாளம் தெரிவதற்காக, மழைக்கு முன்னால் அக்டோபரில் கன்றுகளின் காதில் வெட்டு வைப்பார்கள். எம்போங்கின் மந்தைக்கு வலது காது நுனியில் வெட்டு. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போது புருஷன் எந்த உயிரைக் காயப்படுத்தினாலும் அந்தக் காயம் பிள்ளைமேல் வந்து விழும் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கெனான் என்பார்கள். மற்ற வருஷங்களில் சபரியா மாசமாக இருந்தால் அண்ணன் தம்பி யாரையாவது வெட்டச் சொல்லுவான். போன அக்டோபரில் ஆள் கிடைக்கவில்லை என்று அவனே கத்தியை எடுத்தான்.

ஆகவே ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காக் யாவுக்கும் சோறு இறங்கியது. அன்றிலிருந்து எம்போங் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தான். டீக்கடையில் அவனைப் பார்த்துக் கேலி பேசினார்கள். கோழியை அறுக்கக் கூட அவனைக் கூப்பிடவில்லை.

சபரியாவுக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த காரணம் வேறு. போன மே மாதம் மூன்றாவது பிள்ளைக்குப் பத்து மாதம்கூட ஆகாதபோது தலைக்குக் குளிப்பது தள்ளிப் போயிற்று. இன்னொன்றா என்று அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வியாழன் சந்தையில் வேர் விற்கிற ஒருத்தி, "இதைக் குடி, நின்னது வந்துடும்," என்று கறுப்புக் கஷாயம் ஒரு பாட்டில் கொடுத்தாள். மூன்று நாள் காலையில் குடித்தாள். வாந்தியும் பேதியும் வந்ததே தவிர மற்றது வரவில்லை. பிறகு சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பிள்ளைமேல் பிரியமும் வந்தது. அந்தப் பிரியம் வந்த பிறகுதான் பயமும் வந்தது.

புருஷன் தன் பாவத்தைத் தூக்கிச் சுமக்கிறான், தான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம் என்பது அவளை அரித்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கட்டின பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கப் பார்த்தாள் என்று தெரிந்தால் எம்போங் என்ன செய்வான்? காக் யா கொட்டகை வாசலை மிதிக்க விடுவாளா? நாலு பிள்ளைகளோடு எங்கே போவது?

மாக் தெமா நாள் குறித்துக் கொடுத்திருந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை, கன்றின் காதைக் கழுவிய தண்ணீரால் குழந்தையின் காதைக் கழுவ வேண்டும். கழுவும்போது செய்தவன் தன் வாயால், நாலு பேர் கேட்க, என்ன செய்தேன் எப்போது செய்தேன் என்று சொல்ல வேண்டும். மறைத்தால் தண்ணீர் வேலை செய்யாது.

முதல் வெள்ளிக்கு முந்தைய திங்கட்கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் காது சோதனை வந்தது. காக் யாவும் கூடவே கிளம்பினாள். கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஒயர்களை ஒட்டி, காதில் சத்தம் விட்டு, திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்த்தார்கள். அப்புறம் டாக்டர் கோ அவர்களை உட்கார வைத்துப் பேசினாள். சீனப் பெண். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், கரைப் பேச்சு அப்படியே வாயில் வரும்.

"நல்ல செய்தி முதல்ல. இடது காது அருமையா கேக்குது. பேச்சு நல்லா வரும், பயப்படாதீங்க. வலது காது வெளிய மூடியிருக்கே தவிர உள்ள இருக்கிற காது நல்லா இருக்கு. எலும்பு வழியா சத்தம் விட்டா போய்ச் சேருது."

"வெளிய இல்லாத காது உள்ள எப்படிம்மா இருக்கும்?" என்றாள் காக் யா.

"வாசலக் கட்டினவன் வேற, வீட்டைக் கட்டினவன் வேற, அக்கா." டாக்டர் ஒரு தாளை எடுத்து மொச்சை மாதிரி சின்னதாக ஒரு உருவம் வரைந்தாள். "இது ஒரு மாசத்துக் கரு. தலையோட பக்கத்துல தோல்ல ஒரு பள்ளம் விழுந்து, உள்ள போய், பை மாதிரி மூடிக்கும். அதுதான் பின்னாடி நத்தைக்கூடு மாதிரி சுருண்டு கேக்கற காதா ஆகுது. இவளுக்கு அது சரியா நடந்துருக்கு." பேனா கீழே இறங்கிற்று. "வெளிக்காது இங்க, கழுத்துகிட்ட ஆரம்பிக்கும். மீனுக்குச் செவுள் வர்ற இடம் மாதிரி இங்க மடிப்பு மடிப்பா இருக்கும். முதல் மடிப்பைச் சுத்தி ஆறு மொட்டு முளைக்கும். ஆறும் ஒண்ணா சேர்ந்து காது மடல் ஆகும். தாடை வளர வளர அது மேல ஏறி இங்க வந்து உக்காரும்."

"கழுத்துலேர்ந்தா ஏறி வருது?" காக் யா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷம் மீன் செவுளைக் கிள்ளி எறிந்த கை அது.

"ஆமா. இவளுக்கு வலப்பக்கத்து மொட்டு சரியா வளரல. நடுவுல மூணு குட்டி எலும்பு இருக்கும். அதுவும் ஒட்டியிருக்கலாம், வளர்ந்தப்புறம் ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எம்போங் நிமிர்ந்தான். "நான்தான் டாக்டர் காரணம். கன்னுக்குட்டிங்க காதை வெட்டினேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த மாசம் வெட்டினீங்க?"

"அக்டோபர்."

"அப்படின்னா நீங்க நிம்மதியா தூங்கலாம் அண்ணே. இந்த மொட்டு முளைச்சு ஒண்ணு சேர்றதெல்லாம் ரெண்டாம் மாசத்துல. இவ டிசம்பர் கடைசியில பொறந்தவ. மே மாசத்துலயே காதுக்கு ஆனது ஆயிருக்கும். அக்டோபர்ல நீங்க எதை வெட்டியிருந்தாலும் இவளைத் தொடாது."

மே என்று கேட்டதும் சபரியா குழந்தையின் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டாள். எம்போங் முகம் மலரும் என்று டாக்டர் எதிர்பார்த்திருப்பாள். யார்தான் எதிர்பார்க்க மாட்டார்கள்? அவன் முகம் சிவந்தது.

"துளை?" என்றான். "துளையும் அப்பவேவா?"

"துளை கொஞ்சம் லேட். முதல்ல அடைச்ச மாதிரி இருக்கும். ஆறு ஏழு மாசத்துலதான் அடைப்பு கரைஞ்சு வழி திறக்கும்."

"ஏழாம் மாசம்! ஏழாம் மாசம்னா அக்டோபர்தானே? பாத்தீங்களா? நான் வெட்டினேன், வழி திறக்கல."

"அண்ணே, மடலே சரியா வரலைன்னா அடைப்பு எப்படி..."

"நீங்க புஸ்தகத்துல படிச்சிருக்கீங்க. நான் கையால வெட்டினேன். எனக்குத் தெரியாதா?" நாற்காலி பின்னால் சாய எழுந்தான். எருமையிடம்கூடக் குரலை உயர்த்தாத மனுஷன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டாக்டர் அவன் போன கதவையே பார்த்தாள். காக் யா பார்க்கவில்லை. அவள் மடியில் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

வண்டி நிறுத்தம்வரைக்கும் போன பிறகு சபரியா, "சோதனை அட்டையை விட்டுட்டு வந்துட்டேன்," என்று திரும்பி ஓடினாள். அட்டை அவள் இடுப்பில்தான் இருந்தது. டாக்டர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மே மாசத்துல தாய்க்காரி ஏதாவது குடிச்சிருந்தா?"

"என்ன குடிச்சீங்க?"

"நான்னு சொல்லலையே."

டாக்டர் எழுந்து கிட்டே வந்தாள். "சில மருந்து அப்படிப் பண்ணும். ஆனா இப்படிப் பொறக்கிற புள்ளைங்கள்ல முக்காவாசிக்கும் மேல காரணமே கண்டுபிடிக்க முடியறதில்ல. எதுவுமே குடிக்காத அம்மாவுக்கும் பொறக்குது. நீங்க குடிச்சதுதான்னு என்னால சொல்ல முடியாது."

"இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் முடியாது, தங்கச்சி."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? சபரியா அதைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினாள். வழி முழுக்கக் காக் யா பேசாமல் வந்ததுதான் அவளைக் கொன்றது.

புதன்கிழமை கொட்டகையில் மாவு பிசையும்போது அது வந்தது.

"மே மாசம் நீ மூணு நாள் வேலைக்கு வரல," என்றாள் காக் யா. மாவில் இருந்த கண்ணை எடுக்கவில்லை.

"வரலையா? ஞாபகமில்லையே."

"எனக்கு ஞாபகமிருக்கு. டூரியான் சீசன் தொடங்கின வாரம். வயித்தால போகுதுன்னு சொல்லி விட்ட."

"ஆமா. புடு கெட்டுப் போயிருந்துச்சு, தெரியாம ஊத்திச் சாப்பிட்டுட்டேன்."

"மீன் ஊறி அழுகினாத்தான் புடு. அது எங்க கெட்டுப் போறது?" என்றாள் மெக் சோங். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சுற்றி எல்லோரும் சிரிக்க, காக் யா சிரிக்காமல் சபரியாவைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்தறப்ப உண்மையான மாசத்தைச் சொல்லணும் சபரியா. இல்லாட்டி புள்ளைக்குத்தான் நஷ்டம். யார் செஞ்சிருந்தாலும் சரி. என் தம்பியா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி."

சபரியா உருட்டிய மாவை அண்டாவில் விட்டாள். கை வழுக்கிக் கொதிதண்ணீர் மணிக்கட்டில் தெறித்தது. எரிச்சல்கூட அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் அவள் எம்போங்கிடம் சொல்லப் பார்த்தாள். அவன் தனியாக அகப்படவில்லை. விடியும் முன்னே மந்தையோடு போய்விட்டு, பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது வந்தான். வந்தாலும் பேச்சை எடுக்கவிடாமல் இவளுடைய மணிக்கட்டைப் பார்த்து, "எண்ணெய் தடவினியா?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எருமைத் தொழுவத்தில் ஊர் கூடிவிட்டது. நாலு பேர் கேட்டால் போதும் என்றால் நாற்பது பேர் வருகிற ஊர். மாக் தெமா காது வெட்டுப்பட்ட கன்றைப் பிடிக்கச் சொல்லி, வெட்டின்மேல் தண்ணீரை ஊற்றிக் கிண்ணத்தில் பிடித்தாள். சபரியா குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். எத்தனை கண்கள்! பிள்ளையோடு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

"சொல்லு எம்போங்," என்றாள் மாக் தெமா.

"கொஞ்சம் இருங்க," என்று காக் யா முன்னால் வந்தாள். "டாக்டரம்மா கணக்குப் பாத்துச் சொல்லிட்டாங்க. காது கெட்டது மே மாசத்துல. அக்டோபர் கதையைச் சொல்லித் தண்ணிய வீணாக்க வேண்டாம். மே மாசம் யாரு என்ன செஞ்சாங்களோ, அவங்க சொல்லட்டும்."

அவள் சபரியாவைத்தான் பார்த்தாள். ஒருத்தர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று சபரியா வாயைத் திறந்தாள்.

"மே மாசமும் நான்தான்," என்றான் எம்போங்.

"மே மாசத்துல யாருடா காது வெட்டறது?"

"ஒரு கன்னுக்குத்தான் வெட்டினேன். தாய் சேக்காத கன்னு ஒண்ணு இருந்துச்சே, அது. காதுல உண்ணி ஏறிப் புண்ணாகிப் போச்சு. புண்ணோட சேத்து வெட்டி எறிஞ்சேன். வலது காது."

"எந்தக் கன்னு? காட்டு."

"வெள்ளத்துல போயிடுச்சு காக் யா. செத்ததை எங்கேர்ந்து காட்டுவேன்?"

காக் யா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனாள். மாக் தெமா பிஸ்மில்லா சொல்லிக் கிண்ணத்துத் தண்ணீரைச் சதைச் சுருக்கத்தின்மேல் ஊற்றினாள். குளிர்ச்சியில் குழந்தை வீரிட்டது. எம்போங் உரத்த குரலில், மாசம், கிழமை, கத்தி எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னான்.

அந்தக் கன்று சபரியாவின் கன்று. தாய் முட்டித் தள்ளியதால் ஏப்ரலில் இருந்து அவள்தான் பாட்டிலில் பால் ஊற்றி வளர்த்தாள். உண்ணி பிடுங்கினதும் அவள்தான். அக்டோபர்வரைக்கும் அதன் இரண்டு காதும் அவள் கைக்குள்ளேதான் இருந்தன, புண் இல்லாமல், வெட்டு இல்லாமல்.

கூட்டம் கலைந்த பிறகு எம்போங் எருமைகளைக் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சபரியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். எருமைகள் சேற்றில் இறங்கிக் கழுத்துவரை அமுங்கின. அவன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒன்றின் முதுகைத் தேய்த்தான்.

"அபாங், மே மாசம் அந்தக் கன்னுக்குக் காது முழுசா இருந்துச்சு," என்றாள்.

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நீங்க எதையும் வெட்டல. நான்தான். நான் குடிச்சேன். சந்தையில வாங்கி மூணு நாள் குடிச்சேன். இவ வேண்டாம்னு குடிச்சேன்." சொல்லி முடித்ததும் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடிக்கணும்னா அடிங்க. போகச் சொன்னா போறேன். புள்ளைங்களை மட்டும்..."

"தெரியும்," என்றான் எம்போங்.

"என்ன தெரியும்?"

"குடிச்சது தெரியும். மூணு நாளும் தெரியும். நீ விடியக்காலம் எழுந்து அடுப்படிக்குப் போவ. அந்த வேர் நாத்தம் வீடெல்லாம் அடிக்கும். எங்க வீட்டுல எங்கம்மாவும் குடிச்சிருக்காங்க, எனக்குத் தெரியாத வாசமா?"

சபரியாவுக்கு அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா பாட்டிலக் கீழ போட்டிருப்பேன். ஒரு வார்த்தை அபாங்!"

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நானும் வேண்டாம்னுதான் நெனச்சேன், சபரியா. நீ குடிக்கட்டும், போயிடட்டும்னு தூங்கற மாதிரி கண்ண மூடிப் படுத்திருந்தேன். மூணு நாளும்." தண்ணீரில் இருந்த கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான், சேறுதான் அப்பியது. "நான்தான்னு நான் சொன்னது பொய் இல்ல. கன்னுதான் பொய்."

சபரியா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஒரே படுக்கையில், ஒரே பிள்ளையை, இரண்டு பேரும் தனித்தனியாக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது பால் குடித்த வயிற்றோடு அவள் தோளில் தூங்குகிறது. அவனை மன்னிக்க வேண்டுமா, அவன் தன்னை மன்னித்தானா என்று எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு," என்றாள்.

"ஆமா. சொல்றேன். மாசம், கிழமை எல்லாம் மனப்பாடமாயிடுச்சு."

"காக் யா மறுபடியும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

சபரியா எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அடுத்த வெள்ளி நீங்க சொல்லும்போது கன்னுக்குட்டிய நான் புடிச்சுக்கறேன். கேட்டா, மே மாசம் நீங்க வெட்டினத நானும் பாத்தேன்னு சொல்றேன்," என்றாள்.

எம்போங் தலையை ஆட்டினான். பிறகு குனிந்து அடுத்த எருமையின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தான்.